சித்திரத்துக்கு ஏன் திரை?

உலகில் எங்கோ யுத்தம் நடக்கிறது. உள்ளூரில் விலைவாசி ஏறுகிறது. நாளைக்கு என்ன ஆகுமோ என்று யாருக்கும் தெரியவில்லை. இந்தச் சமயத்தில், "சித்திரக் கண்காட்சி ஒன்று நடக்கிறது, வாருங்கள், போய்ப் பார்க்கலாம்" என்று யாராவது அழைத்தால் நம்மில் பலருக்கு எரிச்சல்தான் வரும். வீடு பற்றி எரியும்போது சுருட்டுக்கு நெருப்புக் கேட்ட கதையாக இருக்கிறதே என்போம். இன்னொரு கட்சியாரும் இருக்கிறார்கள். "கண்காட்சி நடக்கட்டும், ஆனால் அங்கே தொங்குகிற ஒவ்வொரு படமும் நம்முடைய கொள்கையை முழங்க வேண்டும்" என்பது அவர்கள் வாதம். முதல் கட்சியாருக்குச் சித்திரம் அநாவசியம். இரண்டாவது கட்சியாருக்குச் சித்திரம் வெறும் சுவரொட்டி.

இந்த இருவரிடமும் ஒரு விஷயம் சொல்ல விரும்புகிறேன். நிச்சயமில்லாத காலத்தில் கண்காட்சியின் வேலை பதில் சொல்வதல்ல. பதில் தெரிந்துவிட்டால் அது நிச்சயமில்லாத காலமே அல்லவே! பத்துப் பேர் ஒரே இடத்தில் நின்று, ஒரே பொருளைப் பார்த்து, பத்து விதமாக நினைப்பதற்கு இடம் கொடுப்பதுதான் அதன் வேலை. அதற்குக் கதவு திறந்திருக்க வேண்டும். ஆகவே, ஒரு நாட்டின் மனம் எப்படியிருக்கிறது என்று அறிவதற்கு, அங்கே தொங்கும் படங்களை மட்டும் பார்த்தால் போதாது. எந்தப் படத்துக்கு முன்னால் திரை போட்டார்கள், அந்தத் திரையை இழுத்த கை யாருடையது என்றும் பார்க்க வேண்டும்.

திரை என்றாலே கெட்டது என்று நான் சொல்லவில்லை. கோவிலிலும்தான் திரை போடுகிறார்கள். அலங்காரம் முடிந்ததும் திரை விலகுகிறது; தீபாராதனை நடக்கிறது. மறைப்பதற்காகப் போட்ட திரை அல்ல அது. காட்டுவதற்காகப் போட்ட திரை. கண்காட்சிகளில் விழுகிற திரைகள் எந்த ரகத்தைச் சேர்ந்தவை என்பதுதான் கேள்வி.

ஒரே மாதம், இரண்டு கண்காட்சிகள்

1937ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் தேதி, திங்கட்கிழமை. ஸ்பெயின் நாட்டின் வடக்கே கெர்னிக்கா என்ற சிற்றூரில் அன்று சந்தை நாள். உள்நாட்டு யுத்தத்தில் தளபதி பிராங்கோவுக்கு உதவியாக வந்திருந்த ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் அந்த ஊரின்மீது மூன்று மணி நேரத்துக்கு மேல் குண்டு பொழிந்தன. ஊர் எரிந்து சாம்பலாயிற்று. பிராங்கோவின் கட்சியார் என்ன சொன்னார்கள் தெரியுமா? "நாங்கள் குண்டு போடவில்லை, அவர்களே தங்கள் ஊருக்குத் தீ வைத்துக்கொண்டார்கள்" என்றார்கள்.

பாரிஸ் நகரில் அந்த வருஷம் நடந்த சர்வதேசப் பொருட்காட்சியில் ஸ்பெயின் குடியரசுக்கும் ஒரு மண்டபம் இருந்தது. அதில் வைப்பதற்காக ஒரு பெரிய படம் எழுத பிக்காஸோ முன்னமே ஒப்புக்கொண்டிருந்தார். கெர்னிக்காவின் செய்தியைப் பத்திரிகைகளில் கண்டதும் அதையே பொருளாக எடுத்துக்கொண்டார். ஏறக்குறைய மூன்றரை மீட்டர் உயரம், எட்டு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளம். கறுப்பு, வெள்ளை, சாம்பல் ஆகிய வர்ணங்கள் மட்டும். செத்த குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு தாய் அலறுகிறாள். குதிரை ஒன்று துடிக்கிறது. ஜூலை மாதம் ஸ்பெயின் மண்டபம் திறந்தபோது ஜனங்கள் அந்தப் படத்தைப் பார்த்தார்கள்.

அதே ஜூலை மாதம் 19ஆம் தேதி ஜெர்மனியில் ம்யூனிக் நகரில் வேறொரு கண்காட்சி திறந்தது. ஹிட்லரின் ஆட்சியார் மியூசியங்களிலிருந்து பறிமுதல் செய்த சுமார் 650 படங்களையும் சிற்பங்களையும் நெருக்கி மாட்டி, சுவரில் கேலி வாசகங்களை எழுதி, "சீரழிந்த கலை" என்று பெயர் சூட்டினார்கள். அதற்கு முந்திய நாள்தான், அதே நகரில், ஆட்சியாருக்குப் பிடித்த படங்கள் மட்டும் கொண்ட கண்காட்சியை ஹிட்லரே திறந்துவைத்திருந்தார். வேடிக்கை என்னவென்றால், ஹிட்லருக்குப் பிடித்த கண்காட்சியைவிடப் பிடிக்காத கண்காட்சிக்குத்தான் பல மடங்கு கூட்டம். ம்யூனிக்கில் மட்டும் இருபது லட்சம் பேர் வந்தார்கள். சிரிக்க வந்தவர்கள் எத்தனை பேர், கடைசி முறையாகப் பார்த்துவிடலாம் என்று வந்தவர்கள் எத்தனை பேர் என்று யார் கணக்கெடுத்தார்கள்?

நல்லது, பிக்காஸோவின் படத்தால் யுத்தம் நின்றதா என்று கேட்பீர்கள். நிற்கவில்லை. பிராங்கோவே ஜெயித்தார். படம் ஊர் ஊராகப் போயிற்று. 1939ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லண்டனின் கிழக்குப் பகுதியில், தொழிலாளிகள் வசிக்கும் வொய்ட்சாப்பலில் அதை வைத்தபோது, பார்க்க வந்தவர்களிடம் ஸ்பெயினின் போர்முனைக்கு அனுப்ப ஒரு ஜோடி பூட்ஸ் கேட்டு வாங்கினார்கள். பிறகு அது அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. ஸ்பெயினில் ஜனங்களின் சுதந்திரம் மீளும்வரை அங்கே போகக் கூடாது என்பது பிக்காஸோவின் விருப்பம். அவர் 1973ஆம் ஆண்டில் காலமானார்; பிராங்கோ 1975ஆம் ஆண்டில். படம் தாய்நாடு திரும்பியது 1981ஆம் ஆண்டில்! ஒரு யுத்தத்தையும் நிறுத்தாத அந்தப் படம் ஒரு காரியம் செய்தது. "அவர்களே தீ வைத்துக்கொண்டார்கள்" என்ற பொய்யை இன்றைக்கு யாரும் நம்புவதில்லை. சித்திரம் நீதிபதி அல்ல, சாட்சி. சாட்சியை நிறுத்தி வைக்கும் கூண்டுதான் கண்காட்சி.

நீலத் திரை

சாட்சிக்கு ஏன் திரை போடுகிறார்கள் என்பதற்கு இதே படம் உதாரணம். பிக்காஸோவின் படத்தைப் பார்த்து நெய்த பெரிய திரைச்சீலை ஒன்று நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபையின் கட்டிடத்தில், பாதுகாப்பு சபை கூடும் மண்டபத்துக்கு வெளியே பல காலம் தொங்கியது. 2003ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் தேதி அமெரிக்க வெளிநாட்டு மந்திரி காலின் பவெல், இராக்கின்மீது படையெடுக்க வேண்டிய காரணங்களைப் பாதுகாப்பு சபையில் எடுத்துரைத்தார். அந்தச் சமயம் பார்த்து அந்தச் சீலைக்கு முன்னால் நீலத் துணி ஒன்று தொங்கியது. ராஜதந்திரிகள் நின்று பேசும்போது டெலிவிஷன் காமிராக்களுக்குப் பின்னணி தெளிவாக இருக்க வேண்டும் என்று அதிகாரிகள் காரணம் சொன்னார்கள்.

இருக்கலாம். ஆனால் குண்டு போடுவதைப் பற்றிப் பேசுகிறவருக்குப் பின்னால், குண்டுக்கு இரையான குழந்தையின் படம் தெரிந்தால் சங்கடமாகத்தானே இருக்கும்? இராக்கில் இருப்பதாகச் சொன்ன பயங்கர ஆயுதங்கள் பிற்பாடு அகப்படவேயில்லை. அன்று மூடியிருந்த சீலையை உலகம் மறக்கவுமில்லை. மூடாமல் விட்டிருந்தால் அத்தனை பேர் அதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள்!

காலி நாற்காலி

நீலத் திரையை இழுத்தது சங்கடம். பயம் இழுத்த திரை ஒன்று ஜப்பானில் விழுந்தது. நகோயா நகரம் அடங்கிய ஐச்சி மாகாணத்தில் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை சர்வதேசக் கலைவிழா நடத்துகிறார்கள். 2019ஆம் ஆண்டு விழாவில் புதுமையான பகுதி ஒன்று இருந்தது. ஜப்பானிய மியூசியங்கள் முன்பு ஏற்க மறுத்த, அல்லது வைத்துவிட்டு எடுத்துவிட்ட பொருள்களையே அங்கே சேர்த்து வைத்தார்கள். அவற்றில் ஒன்று கொரியச் சிற்பிகள் செய்த ஒரு சிறுமியின் சிலை. இரண்டாவது உலக யுத்தத்தில் ஜப்பானியப் படையினருக்குப் பலியாக்கப்பட்ட பெண்களின் ஞாபகார்த்தமானது அது. சிறுமி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் இன்னொரு நாற்காலி காலியாக இருக்கிறது. விரும்புகிறவர்கள் அதில் உட்காரலாம்.

ஆகஸ்ட் 1ஆம் தேதி விழா தொடங்கியது; 3ஆம் தேதியோடு அந்தப் பகுதியை மூடிவிட்டார்கள். நகோயா மேயரே சிலையை எடுக்கச் சொன்னார். டெலிபோன் மணி ஓயவில்லை. பெட்ரோல் டின்னோடு வருவதாக ஒருவன் எழுதியனுப்பினான். அதை வெறும் மிரட்டல் என்று தள்ள முடியாது. இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் கியோட்டோ நகரில் ஒரு படநிறுவனத்துக்குள் ஒருவன் பெட்ரோல் ஊற்றித் தீ வைத்து, 36 பேர் மாண்டிருந்தார்கள். நிர்வாகிகள் பயந்ததில் தப்பில்லை.

பயந்த பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் விசேஷம். விழாவில் கலந்துகொண்ட மற்றக் கலைஞர்கள் பலர், "அந்த அறை திறக்கும்வரை எங்கள் அறையும் மூடியிருக்கட்டும்" என்று விலகி நின்றார்கள். மத்திய சர்க்காரின் கலாசார இலாகா, தருவதாகச் சொன்ன சுமார் 7 கோடியே 80 லட்சம் யென் தொகையைத் தர முடியாது என்றது. அப்படியும் மாகாண கவர்னர் அசையவில்லை. அக்டோபர் 8ஆம் தேதி அந்த அறை மீண்டும் திறந்தது. சீட்டுக் குலுக்கி ஆள் எடுத்து, பைகளைச் சோதித்து, சிறு சிறு கூட்டமாக உள்ளே அனுப்பினார்கள். விழா முடியும் 14ஆம் தேதிவரை திறந்திருந்தது. ஒரு வாரம்தானே என்று தோன்றும். மிரட்டியவன் ஜெயித்தான் என்று முடிந்திருக்க வேண்டிய கதையை அந்த ஒரு வாரம் மாற்றிவிட்டது.

நம் தலைநகரில்

வெளிநாட்டுச் சங்கதி எதற்கு? நம் டில்லியிலேயே இது நடந்திருக்கிறது. எம். எப். ஹுசேனின் படங்களைப் பற்றி வழக்குகளும் மிரட்டல்களும் பெருகியதால், அவர் 2006ஆம் ஆண்டில் தேசத்தைவிட்டு வெளியே போய்விட்டார். 2008 மே மாதம் டில்லி ஹைகோர்ட்டு அவர்மீது இருந்த வழக்குகளைத் தள்ளியது. சட்டம் தன் கதவைத் திறந்தது. ஆனால் மூன்று மாதம் கழித்து டில்லியில் நடந்த பெரிய கலைச் சந்தையில் அவருடைய படம் ஒன்றுகூட இல்லை. கலவரம் வரும் என்று நிர்வாகிகள் அஞ்சி, கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கோர்ட்டு எடுத்த திரையை வியாபாரிகள் மறுபடி போட்டார்கள்.

2011 ஜனவரியில் அதே சந்தையில் ஹுசேனின் படங்களை வைத்தார்கள். மிரட்டல் வந்தது, படங்கள் கீழே இறங்கின. போலீஸ் பந்தோபஸ்து தருவதாகச் சர்க்கார் உறுதி சொன்னதும் மறுபடி மேலே ஏறின. ஒன்றும் நடக்கவில்லை. ஜனங்கள் பார்த்தார்கள், போனார்கள். ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது. முந்திய ஆண்டே ஹுசேன் கத்தார் நாட்டின் பிரஜையாகியிருந்தார். 2011 ஜூன் மாதம் லண்டனில் காலமானார்.

அவர் வழக்கில் தீர்ப்பளித்த நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல் பிற்பாடு சென்னை ஹைகோர்ட்டின் பிரதம நீதிபதியாக வந்தார். 2016ஆம் ஆண்டில் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் வழக்கில் எழுத்தாளருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்ததும் அவர் தலைமையில் அமர்ந்த பெஞ்சுதான். பிடிக்காதவர்கள் படிக்காமல் இருக்கலாம்; எழுதுகிறவர் எழுதட்டும் என்பது அதன் சாரம். படத்துக்கும் அதே நியாயம்தான்.

தானே போட்டுக்கொண்ட திரை

எல்லாத் திரையும் பிறர் போடுவதல்ல. வெனிஸ் நகரில் 1895ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் பெரிய கலைவிழாவில் ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி மண்டபம் உண்டு. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரேன்மீது படையெடுத்தது. சில நாளில், ரஷ்ய மண்டபத்தில் இடம்பெற இருந்த கலைஞர்கள் அலெக்ஸாண்ட்ரா சுகரேவாவும் கிரில் சாவ்சென்கோவும், ஏவுகணைகளால் ஜனங்கள் மாளும்போது கலைக்கு இங்கே இடமில்லை என்று விலகிக்கொண்டார்கள். விழா முழுவதும் அந்த மண்டபம் பூட்டிக் கிடந்தது. 2024ஆம் ஆண்டில் இஸ்ரேல் மண்டபத்தின் கலைஞர் ரூத் பாத்திர், போர் நிறுத்தமும் பணயக்கைதிகளின் விடுதலையும் ஏற்பட்டால்தான் திறப்பேன் என்று வாசலில் எழுதி ஒட்டிவிட்டார். விழா முடியும்வரை அது திறக்கவில்லை.

இவையும் மூடிய கதவுகள்தான். ஆனால் நகோயாவின் மூடிய கதவுக்கும் இவற்றுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மௌன விரதம் இருப்பவனும் பேசவில்லை. வாயில் துணி அடைக்கப்பட்டவனும் பேசவில்லை. இரண்டும் ஒன்றாகுமா?

அதே 2022ஆம் ஆண்டு விழாவில் உக்ரேன் மண்டபம் திறந்திருந்தது. கார்க்கிவ் நகரத்து ஓவியர் பாவ்லோ மாக்கோவ் செய்த நீரூற்று அங்கே இருந்தது. வெண்கலப் புனல்கள் 78. எண்ணெய் ஊற்றுகிறோமே, அந்த மாதிரிப் புனல்தான். மேலே ஒன்று, அதன்கீழ் இரண்டு, பிறகு மூன்று, இப்படிக் கடைசி வரிசையில் பன்னிரண்டு. மேலே ஊற்றும் தண்ணீர் பிரிந்து பிரிந்து, அடியில் சொட்டுச் சொட்டாகத்தான் விழும். 1995ஆம் ஆண்டிலேயே தோன்றிய யோசனை அது. படையெடுப்பு தொடங்கிய அன்றே, மண்டபப் பொறுப்பாளர்களில் ஒருவரான மரியா லாங்கோ அந்தப் புனல்களைத் தம் காரில் ஏற்றிக்கொண்டு கீவ் நகரைவிட்டுக் கிளம்பினார். தேசம் தேசமாகக் கடந்து இத்தாலி போய்ச் சேர்ந்தார். உயிருக்கு ஓடுகிறவர்கள் நகையையும் பத்திரத்தையும் எடுத்துப் போவது வழக்கம். இந்த அம்மாள் புனல்களை எடுத்துப் போனார்! கண்காட்சி அநாவசியம் என்று சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

சிக்கலான வழக்கு

இதுவரை சொன்னது சுலபமான பகுதி. படம் பிறரை நோகச் செய்தால்? அதையும் மழுப்பாமல் பார்த்துவிட வேண்டும்.

ஜெர்மனியில் காஸல் என்ற ஊர் இரண்டாவது யுத்தத்தில் குண்டுவீச்சால் பாழாயிற்று. 1955ஆம் ஆண்டில் ஆர்னல்ட் போடே என்ற ஓவியர், பாழடைந்த மியூசியக் கட்டிடத்திலேயே 'டாக்குமென்டா' என்ற கண்காட்சியைத் தொடங்கினார். ஹிட்லர் காலத்தில் அவமானப்படுத்திய கலையை ஜனங்களின் கண்ணுக்குத் திரும்பக் கொண்டுவருவது நோக்கம். இப்போது ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை, நூறு நாள் நடக்கிறது. 2022ஆம் ஆண்டில் அதை நடத்தும் பொறுப்பு இந்தோனேஷியாவைச் சேர்ந்த ருவாங்ருபா என்ற குழுவிடம் இருந்தது. அவர்கள் அதற்கு வைத்த மூலமந்திரம் 'லும்புங்'. ஊருக்குப் பொதுவான நெற்களஞ்சியம் என்று பொருள்.

தாரிங் பாடி என்ற மற்றொரு இந்தோனேஷியக் குழு 2002ஆம் ஆண்டில் எழுதிய பிரமாண்டமான படச்சீலையை நகரின் சதுக்கத்தில் ஏற்றினார்கள். சுஹார்த்தோவின் சர்வாதிகாரத்தையும் அதற்குத் துணை நின்ற வெளிநாடுகளையும் கண்டிக்கும் படம். 1965-66ஆம் ஆண்டுகளில் அங்கே லட்சக்கணக்கானவர்கள் கொலையுண்டதை அறிந்தவர்களுக்கு அந்தக் கோபம் விளங்கும். ஆனால் நூற்றுக்கணக்கான உருவங்களுக்கு நடுவே, யூதர்களைக் கோரைப் பல்லோடும் பன்றி முகத்தோடும் இழிவாகக் காட்டிய உருவங்கள் இருந்தன. அதுவும் எந்த நாட்டில்? யூதர்களை லட்சம் லட்சமாகக் கொன்ற நாட்டில்! ஆட்சேபம் எழுந்தது. ஜூன் 20ஆம் தேதி கறுப்புத் துணி போட்டு மூடினார்கள், மறுநாள் இறக்கிவிட்டார்கள். குழுவினர் மன்னிப்புக் கேட்டார்கள். கண்காட்சியின் தலைமை நிர்வாகி அடுத்த மாதம் பதவியைவிட்டுப் போனார்.

இறக்கியதை நான் குறை சொல்ல மாட்டேன். அதிகாரத்தில் இருப்பவனைக் கேலி செய்வது வேறு; ஒரு ஜாதியையே அசிங்கப்படுத்துவது வேறு. முன்னதற்குச் சித்திரக்காரனுக்கு உரிமை உண்டு. பின்னதும் உரிமைதான் என்று யாராவது வாதாடினால், அந்த உருவத்துக்கு முன்னால் நிற்க வேண்டியவன் மனம் என்ன பாடுபடும் என்று கேட்பேன்.

குறை இருக்கும் இடம் வேறு. வீட்டுச் சுவர்போல் உயர்ந்த படத்தை ஊர் நடுவில் ஏற்றுவதற்கு முன்னால், பொறுப்பானவர்களில் ஒருவராவது உட்கார்ந்து முழுவதும் பார்க்கவில்லை. ஏற்றும்போதும் பார்க்கவில்லை, மூடும்போதும் பேசவில்லை. அந்த நூறு நாளில் 7 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் காஸலுக்கு வந்தார்கள். தவறு எங்கே, ஏன் தவறு என்று அவர்களோடு சாவதானமாகப் பேசியிருக்கலாம். அதற்குப் பதில் சண்டைதான் மிஞ்சியது. இந்தோனேஷியாவில் மாண்டவர்களின் கதையும் அந்தச் சண்டையில் அடிபட்டுப் போயிற்று. சாட்சி ஒரு பொய் சொன்னான் என்பதற்காக வழக்கையே தூக்கிப் போட்ட மாதிரி ஆகிவிட்டது.

மூன்று யோசனைகள்

இவற்றிலிருந்து எனக்குத் தோன்றுவது மூன்று.

முதலாவது, கண்காட்சி நடத்துகிறவர்களுக்கு: பார்த்துவிட்டு மாட்டுங்கள், மாட்டிய பிறகு பயப்படாதீர்கள். ஆட்சேபம் வரும் என்று தோன்றுகிற படத்துக்குப் பக்கத்தில், அதை ஏன் வைத்தீர்கள் என்று நாலு வரி எழுதி வையுங்கள். கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல ஓர் ஆளையும் நிறுத்துங்கள். துணி வாங்கும் செலவைவிட அது குறைவு.

இரண்டாவது, சர்க்காருக்கு: மானியம் கொடுப்பதால் படத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வந்துவிடாது. மிரட்டல் வந்தால் மூட வேண்டியது கதவை அல்ல. அடக்க வேண்டியது மிரட்டியவனை. போலீஸ் நினைத்தால் கதவைத் திறந்தே வைக்க முடியும் என்பதை நகோயாவும் டில்லியும் காட்டிவிட்டன.

மூன்றாவது, நமக்கு. இதுதான் முக்கியம். மேயரும் மந்திரியும் சும்மா திரை போடுவதில்லை. நம்முடைய கோபத்தைக் காரணம் காட்டித்தான் போடுகிறார்கள். "ஜனங்கள் மனம் புண்படும்" என்று நம் பெயரில் கையெழுத்துப் போடுகிறார்கள். ஆகவே, "அந்தப் படத்தைப் பார்க்காதே, அது மோசம்" என்று யாராவது வந்து சொன்னால், உடனே கொதிக்க வேண்டாம். நிதானமாக ஒரு கேள்வி கேளுங்கள்: "நீங்கள் பார்த்தீர்களா?" அவர் இல்லை என்றால், இருவருமாகச் சேர்ந்து போய்ப் பாருங்கள். பார்த்த பிறகு கோபம் வந்தால் தாராளமாகக் கோபப்படலாம். கண்ணால் கண்டு வந்த கோபத்தில் நியாயம் இருக்கும். காதால் கேட்டு வந்த கோபத்தில் பிறர் காரியம்தான் இருக்கும்.